போதும் என்று சொன்னவர்கள்

புள்ளியியல் மாநாட்டுக்குப் போகிறேன் என்று நான் சொன்னால், என் மனைவி "சாப்பாடு நல்லாப் போடுவாங்களா?" என்று மட்டும்தான் கேட்பாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் முதலில் அதைத்தான் விசாரிப்பேன். ஆனால் கோயம்புத்தூர் மாநாட்டுக்கு நான் சாப்பாட்டுக்காகப் போகவில்லை. சிறந்த ஆய்வுக்கட்டுரை விருது எனக்குத்தான் என்று முன்கூட்டியே கசிந்திருந்தது. அதற்காகப் புதுச்சட்டை எடுத்தேன். பெயரைக் கூப்பிடும்போது திடுக்கிடுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள, கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். முனைவர் சிவசைலம், தலையில் பாதி வழுக்கை, வாயைப் பிளந்துகொண்டு. நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கட்டுரை 'பதிலி' பற்றியது. பதிலியைத் தெரியாதவர்கள் இன்று கிடையாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்தோ மண்டையில் அடிபட்டோ ஒருவர் பேச்சில்லாமல் கிடக்கிறார். சிகிச்சையைத் தொடரவா, நிறுத்தவா என்று அவரிடம் கேட்க வழியில்லை. அவர் ஆயுள் முழுக்கப் போனில் பேசியது, அனுப்பிய செய்திகள், வாங்கிய பொருள்கள், பக்கத்து வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்தபோது "இப்படிக் கெடக்குறதுக்குப் போய்ச் சேந்துரலாம்" என்று அங்கலாய்த்தது, எல்லாவற்றையும் பதிலி படிக்கும். படித்துவிட்டு அவர் இடத்திலிருந்து ஒரே வார்த்தையில் பதில் சொல்லும். 'தொடரட்டும்', இல்லையென்றால் 'போதும்'. சட்டப்படி அது நோயாளி தன் வாயால் சொன்னதற்குச் சமம்.

குடும்பங்கள் பதிலியைக் கையெடுத்துக் கும்பிட்டன. யாரும் முடிவெடுக்க வேண்டாம், அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து வேண்டாம், பின்னாளில் நெஞ்சு உறுத்த வேண்டாம். "நாங்க சொல்லலைங்க, அவரே சொல்லிட்டாரு" என்று எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மருத்துவமனைகளுக்கும் நிம்மதி. காப்பீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தப் பதிலி நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் விஷயத்தில் சரியாகச் சொல்கிறது என்று கணக்குப் போட்டு நிரூபித்த மகானுபாவன் அடியேன்தான்.

மாநாடு அவிநாசி சாலையில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. வாசலில் சணல் பை, எழுதாத பேனா, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை. குத்துவிளக்கேற்ற ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள், எட்டுப் பேர் மேடையேறினார்கள். ஏசிக் காற்றில் திரி அணைந்துகொண்டே இருந்தது. "நிகழ்தகவு நம்ம பக்கம் இல்லை" என்று அமர்வுத் தலைவர் பேராசிரியர் தேவசகாயம் ஒரு ஜோக் அடித்தார். அரங்கம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் ஆட்களைச் சிரிக்கவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து "இது கேள்வி இல்லை, ஒரு சின்ன கருத்து" என்று ஆரம்பித்துத் தங்கள் சொந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசினார்கள். நானும் பேசினேன்.

என் உரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தட்டில் தயிர்சாதமும் மாவடுவும் வைத்துக்கொண்டு இடம் தேடியபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா என் கழுத்து அட்டையைக் குனிந்து படித்தார். அவர் தோளிலும் எங்கள் சணல் பை.

"சிவசைலம் சார் நீங்கதானுங்களா?"

"நான்தாங்க. நீங்க எந்த யூனிவர்சிட்டி?"

"நான் உடுமலைங்க. டிரைவிங் ஸ்கூல்."

போக்குவரத்துப் புள்ளிவிவரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நல்ல ஏரியாங்க, டேட்டா நிறையக் கெடைக்கும்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவர் பெயர் துளசிமணி. ஒருநாள் கட்டணம் கட்டி உள்ளே வந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் அவர் கணவர் நாச்சிமுத்துவுடையது. அந்த நாச்சிமுத்து பக்கவாதம் வந்து, ஒன்றரை மாதத்துக்கு மேலாக எதிர்ச்சாரி மருத்துவமனையில் கிடக்கிறார். தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் வைத்திருக்கிறார்கள். கண் திறக்கிறார், பேச்சில்லை. நாம் சொல்வது புரிகிறதா என்றும் யாருக்கும் தெரியவில்லை. முந்தின நாள் பதிலி பதில் சொல்லிவிட்டது.

"போதும்னு சொல்லிருச்சுங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெஷினை எடுத்துருவாங்களாமா."

கரண்டியைத் தட்டில் வைத்தேன். ஆனால் வாய் பழக்கத்தில் ஓடியது. "வருத்தமான விஷயந்தாங்க. ஆனா நூத்துக்குத் தொண்ணூத்திநாலு…"

"அது தெரியுமுங்க. ஆஸ்பத்திரிச் செவுத்துல ஒட்டியிருக்காங்களே. பக்கத்துலயே உங்க போட்டோவும் போட்டிருக்காங்க. அதைப் பாத்துத்தான் தேடிட்டு வந்தேனுங்க."

அந்த நிலைமையிலும் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எந்தப் போட்டோங்க?"

துளசிமணி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதது என் அதிர்ஷ்டம். "எங்கூட்டுக்காரரு அந்தத் தொண்ணூத்திநாலுல இருக்காரா, மிச்ச ஆறுல இருக்காரான்னு கேக்க வரலைங்க. அது உங்களுக்கே தெரியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இது மாதிரி பதிலி 'போதும்'னு சொன்ன யாராச்சும், 'ஆமா, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்'னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கல்ல? அப்படி ஒருத்தரோட போன் நம்பர் வேணுமுங்க. அவரு சம்சாரத்துகிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன். பேசிட்டா மனசு கொஞ்சம் ஆறும். போய்ப் பக்கத்துல நின்னுக்குவேன்."

"இவ்வளவுதானே, இருங்க" என்றேன் பெரிய வள்ளல் மாதிரி. நம்பர் கொடுக்க விதி இடம் தராது. ஆனால் நானே அந்த வீட்டுக்குப் போன் செய்து சம்மதம் கேட்டு இணைத்துவிடலாம். தட்டை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஆய்வில் இருந்த நோயாளிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். முதல் வடிகட்டி: பதிலி 'போதும்' என்று சொன்னவர்கள். அறுநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். இரண்டாவது வடிகட்டி: பேச்சு திரும்பி, தன் வாயால் உறுதிப்படுத்தியவர்கள்.

சைபர்.

வடிகட்டியில் ஏதோ தப்பு என்று மறுபடி போட்டேன். சைபர். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன். எங்கள் துறையில் அதுதான் கைகண்ட வைத்தியம். அதே சைபர்.

"கெடைக்கலைங்களா?"

"வைஃபை கொஞ்சம் ஸ்லோவா இருக்குங்க" என்றேன். தரவு லேப்டாப்பிலேயே இருந்தது. வைஃபைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. எப்படிக் கிடைப்பார்கள்? பதிலி 'போதும்' என்றதும் மெஷினை எடுத்துவிட்டார்கள். ஆய்வுக்காகச் சிலருக்காவது சிகிச்சையைத் தொடர்ந்து பார்க்கலாமா என்ற பேச்சு ஆரம்பத்தில் வந்தது. நோயாளியின் விருப்பம் தெரிந்த பிறகு அதை மீறுவது பாவம் என்று நெறிமுறைக் குழு தடுத்துவிட்டது. ஆக, 'தொடரட்டும்' வந்தவர்களில் பிழைத்து எழுந்தவர்களிடம் மட்டும்தான் போய்க் கேட்டிருக்கிறோம். உயிர் பிழைத்து உட்கார்ந்து காபி குடிக்கிற மனுஷனிடம் "தொடரச் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொல்வான். மற்றவர்களுக்கு என் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு உண்டு, பொடி எழுத்தில்: 'பின்தொடர்தலில் விடுபட்டோர்'. செத்துப்போனவர்களை, என்னவோ அடுத்த தடவை பரிசோதனைக்கு வர மறந்துவிட்டவர்கள் மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

விட்டதோடு நிறுத்தினேனா? இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும். பதில் சொல்லாதவர் என்ன சொல்லியிருப்பார் என்று, அவரைப் போன்ற மற்றவர்களை வைத்துக் கணித்து நிரப்பிவிடுவோம். அது முறைப்படி நடக்கும் வேலை, நான் அதில் கெட்டிக்காரன், பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். அந்த அறுநூறு பேரின் கட்டங்களையும் நான்தான் நிரப்பியிருந்தேன். மெஷினை எடுக்கச் சொன்னது சரிதான் என்று அவர்கள் எல்லாருக்கும் பதிலாக நானே சொல்லியிருந்தேன். மூன்று பேராசிரியர்கள் அதைச் சரிபார்த்திருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது விடுபட்ட தரவு, அவ்வளவுதான்.

சொல்லாமல் நழுவிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அம்மா, அப்படி ஒருத்தர்கூட இல்லைங்க. பதிலி போதும்னு சொன்ன யாரும் உயிரோட இல்ல. அவங்கள்ல ஒருத்தரையும் நாங்க கேக்கல."

"அப்புறம் தொண்ணூத்திநாலுன்னு எப்படிங்க…"

"அவங்க பதிலை நான் எழுதினேன்."

துளசிமணி லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களேவா? செத்தவங்க சொன்னாப்புல நீங்களே எழுதிக்கிட்டீங்களா?"

"அதுக்கு ஒரு முறை இருக்குங்க…"

"முறையாமா, முறை!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் குரல் இறங்கியது. "உங்களைச் சொல்லி என்னங்க. நேத்து அது போதும்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க. அப்பாடான்னு இருந்துச்சு. அதை நெனச்சு ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேன். நெசமாலுமே அவரு சொன்னதா, இல்லை என் மனசுல இருந்ததை அது சொல்லிருச்சான்னு பயமுங்க. அதுக்குத்தான் ஒருத்தரைத் தேடுனேன்."

எனக்கு அழுகை வந்தது. வந்துகொண்டிருக்கும்போதே ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடையேறினேன். என் ஸ்லைடுகளைப் போடவில்லை. நடந்ததைச் சொன்னேன். தொண்ணூற்று நான்கு என்பது பாதி எங்கள் ஆட்கள் கேட்டது, பாதி நான் எழுதிக்கொண்டது என்றேன். இன்று மாலை ஐந்து மணிக்கு எதிர் மருத்துவமனையில் ஒருவரின் மூச்சை இந்த எண்ணை நம்பி நிறுத்தப்போகிறார்கள், மாநாடு இப்போதே ஓர் அறிக்கை விட வேண்டும் என்று கெஞ்சினேன். குரல் உடைந்தது. நான் நினைத்தேன், எல்லாரும் எழுந்து ஓடப்போகிறார்கள் என்று.

கைதட்டினார்கள்.

ஒருவர் எழுந்து, "இது கேள்வி இல்லை, ஒரு சின்ன கருத்து. இந்த வரம்பைக் கடைசி ஸ்லைடில் 'எதிர்கால ஆய்வுகள்' என்ற தலைப்பில் சேர்க்கலாம்" என்றார். இன்னொருவர் இதை வைத்தே தனியாக இரண்டு கட்டுரை போடலாம் என்று ஆலோசனை சொன்னார். தேவசகாயம் மணியை அடித்தார்.

"சார், அறிக்கை?" என்றேன்.

"அது பொதுக்குழுவுல வைக்கணும்வே. நாளன்னைக்குத்தான் பொதுக்குழு. நல்லாப் பேசினீரு, மனசைத் தொட்டுட்டீரு" என்று சொல்லி, விருதுக் கேடயத்தை என் கையில் திணித்துப் போட்டோவுக்குத் திருப்பி நிறுத்தினார். பழகி வைத்திருந்த திடுக்கிடல் அந்தப் படத்தில் அசலாகவே வந்திருக்கிறது.

துளசிமணியோடு சாலையைக் கடந்து ஓடினேன். கேடயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டே ஓடினேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் ரெஜினா என்னையும் கேடயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா பதிலியோட பதிலை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. மீறினா நோயாளி விருப்பத்துக்கு எதிரா சிகிச்சை குடுத்ததா என் மேலதான் வழக்கு வரும்."

"எனக்கு இருக்கு டாக்டர். பதிலியைச் சரிபாக்குற பொறுப்பு என்னோடது. தரவுல கோளாறு இருந்தா அந்தப் பதிலை நீக்குற உரிமை எங்கிட்ட இருக்கு. பதில் இல்லேன்னா?"

"இல்லேன்னா பழைய சட்டம். சிகிச்சை தொடரும். குடும்பம்தான் முடிவெடுக்கணும்."

அவர் கணினியிலேயே உட்கார்ந்தேன். நாச்சிமுத்து என்ற வரிசையில், பதில் என்ற கட்டத்தில் 'போதும்' என்று இருந்தது. அதை அழித்துக் காலியாக விட்டேன். வாழ்நாளில் நான் வேண்டுமென்றே காலியாக விட்ட முதல் கட்டம் அது. கணினி காரணம் கேட்டது. 'இவரைக் கேட்கவில்லை' என்று எழுதினேன்.

"இவருக்கு மட்டுந்தானா?" என்றார் ரெஜினா.

எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள். மாநிலம் முழுக்க 'போதும்' வந்து எத்தனை பேர் காத்திருந்தார்களோ, ஒவ்வொருவராகத் திறந்து அழித்துக்கொண்டே போனேன். நாற்பது பேர் தாண்டியிருப்பேன், என் லாகினை முடக்கிவிட்டார்கள். "இதுக்கு உங்களை விசாரிப்பாங்க சார்" என்று ரெஜினா சொன்னார். "தெரியும்" என்று சினிமா ஹீரோ மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டுக் கேடயத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

துளசிமணி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். "அப்ப இனி யாருங்க சொல்றது?"

"நீங்கதாம்மா" என்றார் ரெஜினா.

துளசிமணி அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற மிதப்பில் இருந்த எனக்கு, அந்த அம்மாவின் தலையில் எதை இறக்கி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். "மெஷின் இருக்கட்டுங்க" என்றார்.

அதன் பிறகு என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் தேவசகாயமேதான். குழு பதிலியை நிறுத்தி வைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டது. பதிலி 'போதும்' என்று சொல்லியும் பிழைத்துப் பேச்சு திரும்பியவர்களைக் கேட்க வேண்டும். பதிலி சொன்னது தப்பு என்று அவர்கள் சொன்னால் பதிலி மூட்டை கட்டப்படும், சரி என்று சொன்னால் மீண்டும் எல்லா மருத்துவமனைகளுக்கும் போகும். நான் அழித்த நாற்பது பேரில் பெரும்பாலோர் எப்படியும் இறந்துவிட்டார்கள். அது அவர்கள் வீடுகளில் எத்தனை மாத அவஸ்தை என்று எனக்கு வந்த போன்கள் சொல்லின. சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். மிச்சமிருந்த சிலருக்குப் பேச்சு வரவில்லை. ஒருவருக்கு மட்டும் வந்தது.

"முதல்ல திரும்புனது கெட்ட வார்த்தைதானுங்க" என்று துளசிமணி போனில் சிரித்தார். "நர்ஸம்மா ஊசி போட வந்தப்ப தெளிவாச் சொன்னாரு."

அவரைக் கேட்கும் வேலையைக் குழு என் தலையிலேயே கட்டியது, கேள்வித்தாளோடு உடுமலைக்குப் போனேன். இத்தனை வருட சர்வீஸில் நான் ஒரு மனிதரிடம் நேரில் போய்க் கேட்கும் முதல் கேள்வி. ஊருக்கு வெளியே மைதானத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. ஸ்டியரிங்கில் ஒரு கல்லூரிப் பெண் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு துளசிமணி. பின்சீட்டில் நாச்சிமுத்து, வலது கை மடியில் கிடந்தது, இடது கையால் முன்சீட்டைக் குத்திக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

கேள்வியை எழுதியிருந்தபடியே படித்தேன். "அன்னைக்கு உங்களால பேச முடிஞ்சிருந்தா, தொடரட்டும்னு சொல்லியிருப்பீங்களா, போதும்னு சொல்லியிருப்பீங்களா?"

துளசிமணி முழுசாகத் திரும்பி அவர் வாயையே பார்த்தார். நாச்சிமுத்து கஷ்டப்பட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தார்.

"போ… தும்… னு… தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றேன். பேட்டி எடுப்பவர் அப்படித் தூண்டக் கூடாது என்று முதலாண்டு மாணவனுக்கே தெரியும்.

"போ… தும்." இந்தத் தடவை கோபமாக.

துளசிமணியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப நான்தான் உங்களைப் புடிச்சு வெச்சுட்டனா? இத்தனை மாசம் வேதனைப்பட வெச்சுட்டனா?"

"எருமை" என்றார் நாச்சிமுத்து. "அது… அப்ப."

"இப்பங்க?"

அவர் இடது கையால் முன்சீட்டில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "வண்டிய… எடு!"

அந்தப் பெண் பதறிப்போய் கிளட்சை விட, கார் ஒரு துள்ளுத் துள்ளி நகர்ந்தது. துளசிமணி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

குழு கொடுத்திருந்த படிவத்தைப் போனில் திறந்தேன். பதிலி சொன்னது: போதும். நோயாளி சொன்னது: போதும். 'இப்பங்க?' என்பது என் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. அதற்கு இடமும் இல்லை. பொய் எழுதலாமா என்று கை தயங்கியது. ஏற்கெனவே அறுநூறு பேருக்கு எழுதியவன்தானே. எழுத முடியவில்லை. அனுப்பினேன்.

மைதானத்தைப் பாதி சுற்றுவதற்குள் தேவசகாயம் போன் செய்தார்.

"பாத்தேன்வே! பொருந்திருச்சுல்லா! கேட்டது ஒருத்தர்கிட்ட, அவரும் ஒத்துக்கிட்டாரு. உம்ம பதிலி நூத்துக்கு நூறு. திங்கக்கெழமையே எல்லா ஆஸ்பத்திரியிலயும் திரும்பப் போட்டுரலாம், உமக்கும் வேலை திரும்பக் கெடச்சுரும். என்ன சத்தம் அங்க? அவரு வேற ஏதாச்சும் சொல்லுதாரா?"

"எருமை! பிரேக்கு! கண்ணாடி… பாரு!" என்று நாச்சிமுத்து என் காதுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"சொல்றாரு சார்" என்றேன். "அதை எழுதத்தான் கட்டம் இல்ல."